மெல்லும்போது வலிக்கிறதா?

ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கல்லூரி விடுதிச் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பேச்சை எடுத்தாலே அப்பா, "அவ சம்பளத்துக்குப் போனவ" என்று வெட்டிவிடுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய பல் கிளினிக்கை விட்டு நீங்கள் கல்லூரியில் பாடம் நடத்தப் போனதை அவர் இன்னும் மறக்கவில்லை. போன வாரம் உங்கள் நாற்காலியைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு மெஷின் நிற்கிறது.

மூன்று மாதம் வைத்துப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள். பிடித்தால் வாங்க வேண்டும். நியூரோ மஸ்குலர் டென்டிஸ்ட்ரி என்று அப்பா மூச்சு விடாமல் சொல்கிறார். காதுக்கு முன்னால் ஒயர் வைத்த இரண்டு ஒட்டு, கழுத்தில் இரண்டு ஒட்டு. சுவிட்சைப் போட்டால் தாடை தானாகத் துடிக்கும். திரையில் கோடுகள் ஓடும். தசை தளர்ந்ததும் தாடை எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் சரியான கடியாம். எதிர்வரிசையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பல் ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து நம் பெஞ்சில் உட்கார ஆளில்லை, ஈ ஓட்டுகிறோம். "பல்லைப் பிடுங்கியே எத்தனை காலம் ஓட்டுறது? இது இந்த ஊர்லயே யார்கிட்டயும் இல்லை" என்கிறார். வாங்குவதென்றால் வீட்டை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகத் தாடை வலி. அப்பா அம்மாவைத்தான் முதல் நோயாளியாக வைத்திருக்கிறார். "சொந்தப் பொண்டாட்டிக்குப் பண்ணாததை ஊருக்கு எப்படிப் பண்றது?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மெஷின் வாங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் எழுதுங்கள். போன் செய்யாதீர்கள், அப்பா எடுத்துவிடுவார். உறையின் பின்னால் என் தோழி குண்டூசியின் வீட்டு முகவரி இருக்கிறது. அவளுடைய அம்மா எதுவும் கேட்கமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுண்டெலி


ஜூன் 19

அருமைச் சுண்டெலிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம், படித்ததும் கவலை. எனக்கு ஒன்றுமில்லை, விடுதிச் சாப்பாட்டையும் ஜெயித்துவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குளியலறையில் உட்கார்ந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

நாற்காலி போனதில் வருத்தமில்லை. அது ஒரு பக்கம் சாயும். உன் அப்பாவைப் போல.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த வைத்தியம் இரண்டு பாதி. முதல் பாதியில் தசையைத் தளர்த்தி, கீழ்ப்பல்லில் ஒரு பிளேட்டை மாட்டிவிடுவார்கள். அதனால் பெரிய கெடுதல் இல்லை, பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம். இரண்டாம் பாதியில், பல்லையெல்லாம் அராவி, பிளேட் போட்டபோது இருந்த உயரத்துக்கே உறை போடுவார்கள். அராவிய பல் திரும்ப வளராது. அதில் கை வைக்கிற அளவுக்கு நல்ல ஆதாரம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. சில பேருக்கு வலி குறைகிறது. அது மெஷினால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதற்காக வீட்டை அடகு வைப்பதென்றால், நான் வைக்கமாட்டேன். உன் அப்பாவிடம் இதைச் சொன்னால் பொறாமை என்பார். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அண்ணிக்கு எப்போது வலிக்கிறது? மெல்லும்போதா, கொட்டாவி விடும்போதா, காலையில் எழுந்ததுமா? வாய் திறக்கும்போது சத்தம் வருகிறதா? கேட்டு எழுது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்ல முடியாது, தெரியும். மனதுக்குள் சொல்லிவிடு.

அத்தை


ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். சளி பிடிக்கவில்லை. உங்களுக்குத் தேர்வு நேரம் என்பார்களே, தூங்க முடிகிறதா?

அம்மாவுக்குப் பிளேட் போட்டாகிவிட்டது. கண்ணாடி போல இருக்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் பேசினால் விசில் வருகிறது. கிளினிக் போனில், "சாயந்திரம் சரியா ஏழு மணிக்கு வாங்க சார்" என்று அம்மா சொல்லும்போது பாம்பு சீறுவதுபோல இருக்கும். நானும் அம்மாவும் கண்ணைப் பார்த்துக்கொள்ள மாட்டோம். பார்த்தால் சிரித்துவிடுவோம்.

காலையும் மாலையும் அம்மா நாற்காலியில் சாய்ந்து ஒட்டு போட்டுக்கொள்கிறாள். கோடுகள் முதல் நாள் முள்ளம்பன்றி மாதிரி இருந்தன. இப்போது படிந்துவிட்டன. அப்பா ஒவ்வொரு நாளும் அவற்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுகிறார். எல்லோரிடமும், "வலி போயே போச்சு, கேட்டுப் பாருங்க" என்கிறார். அம்மாவும் ஆமாம் என்கிறாள். உண்மையிலேயே வலி வருவதில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா கையுறை மாட்டும்போது பாட்டுப் பாடுகிறார். கடைசியாக எப்போது பாடினார் என்று எனக்கு நினைவில்லை. நேற்று அம்மாவைப் பார்த்து, "உன் வாயில நான் கோயிலே கட்டியிருக்கேன், நீ என்னடான்னா விசில் அடிக்கிறே" என்றார். அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை.

அம்மா இப்போது பகலெல்லாம் கீழே கிளினிக்கிலேயே இருக்கிறாள். எக்ஸ்ரே அறையில் ஒரு கட்டில் போட்டாகிவிட்டது. ராத்திரியும் அங்கேதான். ஒட்டு போட வசதி என்று அப்பாவே சொன்னார். மாடி வீட்டு வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். துணி காயப்போடுவது, சமைத்ததைக் கீழே கொண்டு வருவது எல்லாம். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

நீங்கள் கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன். யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது.

உங்கள்
சுண்டெலி


ஜூலை 17

சுண்டெலிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய், நான் கேட்டதை மட்டும் விட்டுவிட்டாய். உன் அப்பாவும் பரீட்சையில் இப்படித்தான். தெரியாத கேள்வியைத் தாண்டிவிட்டுத் தெரிந்ததை அழகாக எழுதுவார். உனக்குத் தெரியாமல் இல்லை என்று தோன்றுகிறது.

வலி போனது சந்தோஷம். ஆனால் மெஷின் வந்தபோது வேறு என்னவெல்லாம் மாறியது என்று யாராவது பார்த்தீர்களா? பல் மருத்துவர்களான நாங்கள் செய்கிற தப்பு இது. வாய்க்குள் ஒரு வேலை செய்வோம், வலி போகும், உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம்.

எழுது.

அத்தை


ஆகஸ்ட் 14

அன்புள்ள அத்தைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

அப்பா மெஷினை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு தெரிந்த பல் டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் கிளினிக்கில் ஒரு கூட்டம். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டப் போகிறார். நண்பர்கள் தங்கள் நோயாளிகளை அனுப்பினால் ஒரு வருஷத்தில் கடன் அடைந்துவிடுமாம். அது முடிந்த மறுவாரம் அம்மாவின் பல்லை அராவ நாள் பார்த்தாகிவிட்டது. கீழ்வரிசை முழுக்க.

அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை மீறுகிறேன்.

அம்மாவுக்கு மெல்லும்போது வலிப்பதே இல்லை. எப்போதும் வலித்ததில்லை. மாடி ஏறினால்தான் வலிக்கும். பாதிப் படி ஏறும்போது இடது தாடை பிடித்துக்கொள்ளும். அப்படியே தோளுக்கு இறங்கும். அங்கேயே உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அப்பா முதலில் கேட்டபோது அம்மா, "இந்தத் தாடைதான் வலிக்குது" என்று தொட்டுக் காட்டினாள். அவர் வாயைத் திறக்கச் சொன்னார். அதற்குமேல் கேட்கவில்லை.

பிளேட் போட்ட இரண்டாவது வாரமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "மாடி ஏறலேன்னா வரதில்லடி" என்று என்னிடம் சொன்னாள். "அப்போ மெஷினால இல்லையா?" என்றேன். என் வாயைப் பொத்தினாள். "உங்கப்பா முகத்தைப் பாத்தியா? நான் இப்ப போய் இதைச் சொன்னா அந்த மனுஷன் உடைஞ்சுடுவார். உனக்குக் கால் இருக்குல்ல, நீ ஏறு" என்றாள். அதனால்தான் நான் ஏறுகிறேன். வேறு என்ன மாறியது என்று கேட்டீர்களே, அதுதான் மாறியது.

பல்லை அராவிவிட்டால் வளராது என்று எழுதியிருந்தீர்கள். அதை எப்படியாவது நிறுத்துங்கள் அத்தை. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சுண்டெலி


ஆகஸ்ட் 21

என் கண்ணே,

நலம் விசாரிக்க நேரமில்லை. இது பல் இல்லை. ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது, தோளுக்கு இறங்குகிறது என்றால் அது இதயமாக இருக்கலாம். பெண்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலிக்காமல் தாடைதான் வலிக்கும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கே நான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் கடிதத்தில் நான் என்ன கேட்டேன்? மெல்லும்போதா, கொட்டாவியிலா என்று கேட்டேன். நடக்கும்போதா என்று கேட்கவில்லை.

போன் செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தாய். செய்துவிட்டேன். உன் அப்பா எடுத்தார். "அண்ணே, அந்த மெஷின்" என்று ஆரம்பித்தேன். "அதைப் பத்தின்னா பேசாதே" என்று வைத்துவிட்டார். மறுபடி செய்தபோது அண்ணி எடுத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பிறகு விசில் சத்தத்தோடு, "சரி, போறேன். கூட்டம் முடிஞ்ச மறுநாளே இதய டாக்டர்கிட்டப் போறேன். அதுவரைக்கும் இவர் சந்தோஷத்தைக் கெடுக்காதே" என்றாள். நாளைக்கே போகச் சொன்னேன். "நீ அவர் தங்கச்சிதான், நான் அவர் பொண்டாட்டி" என்றாள். ஆனாலும் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

உன் அப்பாவுக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் பேச்சையே எடுக்கவில்லை. படித்தால் புரிந்துகொள்வார்.

அதுவரை அவளைப் படி ஏற விடாதே. வேர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

அத்தை


செப்டம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் அப்பாவுக்கு வந்தது. நான் பக்கத்தில்தான் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். "ஆதாரம் இல்லையாம், ஆதாரம். எனக்கே பாடம் எடுக்கிறா" என்றார். அப்படியே மடித்து, கழற்றிப் போட்ட கையுறைகளோடு குப்பையில் போட்டார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பையை அவளே கட்டி வெளியே வைத்தாள்.

அம்மாவிடம் தினமும் கேட்கிறேன். "கூட்டம் முடியட்டும்டி" என்கிறாள். கூட்டத்துக்கு என்ன புடவை கட்டுவது என்று யோசிக்கிறாள். "வாயைத்தானே பாக்கப் போறாங்க, புடவை எதுக்கு?" என்றேன். "வாயைப் பாக்கிறவனுக்கு முகம் தெரியாதா?" என்றாள்.

படி ஏற விடவில்லை. எதுவானாலும் நான்தான் ஓடுகிறேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா ஏறுகிற மாதிரி தோன்றுகிறது. மதியம் சொல்லாமல் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். குண்டூசி எனக்காக ஆசிரியையிடம் பொய் சொல்கிறாள்.

இன்னும் கொஞ்ச நாள்தான். பயமாக இருக்கிறது.

நீங்கள் நேரத்துக்குத் தூங்குங்கள்.

சுண்டெலி


அக்டோபர் 20

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் தாண்டிவிட்டது. அம்மாவை எடுத்துக்கொண்டு போகும்வரை நீங்கள் வாசலிலேயே நின்றீர்கள். அப்பா உங்களை உள்ளே கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அன்று யாரோடும் பேச முடியவில்லை. நீங்கள் என் தலையைத் தடவிவிட்டு, "எப்படிடா?" என்று கேட்டீர்கள். இப்போது எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அப்பா சொன்னபடியெல்லாம் வாயைத் திறந்து மூடினாள். ஒரு டாக்டர், "இப்ப வலி சுத்தமா இல்லையாம்மா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் போன பிறகு நான் கீழே காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு டாக்டர் குடையை மறந்துவிட்டார் என்று அப்பா தெருவுக்கு ஓடினார். அப்போதுதான் அம்மா மேலே போயிருக்கிறாள். எதற்கு என்று தெரியவில்லை. பட்டுப்புடவையை மாற்றிக்கொள்ள இருக்கலாம். என்னைக் கூப்பிட்டிருக்கலாம். குழாய் திறந்திருந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. அப்பா குடையைக் கொடுத்துவிட்டு வந்து, "எங்கே நம்ம ஹீரோயின்?" என்று சத்தமாகக் கேட்டார். அம்மா படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நானும் முதலில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மாரடைப்பு, சொல்லிக்கொள்ளாமல் வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் அப்படியே சொல்கிறார். கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள்கிறார். "ஒரே ஆறுதல், கடைசி மூணு மாசம் அவளுக்கு வலின்னு ஒண்ணு இல்லை. என்னால முடிஞ்சது அதுதான்."

அதைக் கேட்கும்போதெல்லாம் நான் மேலே ஓடிவிடுகிறேன்.

மெஷினை வாங்கியே தீருவேன் என்கிறார். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோடுகளை மாட்டியிருக்கிறார். துக்க வீடென்று மெஷின்காரர் தவணை கொடுத்ததால் அடமானப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் போடுவார். அவரிடம் நான் சொல்லட்டுமா அத்தை? சொன்னால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கும்? நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

சாப்பிடுகிறேன். கவலைப்படாதீர்கள்.

சுண்டெலி


அக்டோபர் 29

என் சுண்டெலிக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை. நீ சாப்பிடுகிறாய் என்பதை நம்புகிறேன்.

உன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கம் மெஷினைப் பற்றி. எந்த ஆய்வு என்ன சொல்கிறது, யார் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று எல்லாம் எழுதினேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணியின் இதயத்தைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார் என்று நீ எழுதினாயே, அதைப் படித்த அன்றே நான் ரயில் ஏறியிருக்க வேண்டும். கூட்டத்துக்குக் கொஞ்ச நாள்தானே, வாக்குக் கொடுத்திருக்கிறாளே என்று இருந்துவிட்டேன். எங்களுக்கு அப்போது விடைத்தாள் திருத்துகிற நேரம்.

சொல்லாதே. அவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். அதையும் பிடுங்கிவிட்டால் உனக்கு அப்பாவும் இருக்கமாட்டார். வீடு போனால் போகட்டும், என்னிடம் வந்துவிடு. சத்தியத்தை மீறிய பாரம் உனக்கு வேண்டாம். நான் சுமக்கிறேன், நீ பரீட்சைக்குப் படி.

எங்கே இருந்தாலும் உன் பக்கம்தான்,
அத்தை


நவம்பர் 25

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? விடைத்தாள் திருத்தி வந்த உங்கள் கண் வலி எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் கேட்க மறந்துவிட்டேன். நான் இதைச் சாப்பாட்டு மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அப்பா பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

நீங்கள் சொல்லாதே என்றீர்கள். இத்தனை நாள் சொல்லாமல்தான் இருந்தேன். இப்போது சாயந்திரங்களில் அம்மா செய்த வேலையை நான் செய்கிறேன். பெயரைக் கூப்பிடுவது, தட்டில் கருவிகளை எடுத்து வைப்பது எல்லாம். செவ்வாய்க்கிழமை ஒரு பெண் பஸ் கண்டக்டர் வந்தார். கூட்டத்துக்கு வந்த டாக்டர் ஒருவர் அனுப்பியிருந்தார். நல்ல பருமன், வந்ததும் என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, நீதான் பெரிய டாக்டரா?" என்று கேட்டார்.

அப்பா வழக்கம்போல் கேட்டார். "மெல்லும்போது வலிக்கிறதா?"

"மெல்றதுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை டாக்டர். பஸ்ல கூட்டம் ஏறிடுச்சுன்னா, முன்னாடி இருந்து பின்னாடி டிக்கெட் போட்டுக்கிட்டு வரதுக்குள்ள இந்தத் தாடை பிடிச்சுக்கும். கம்பியில சாஞ்சு நின்னா விட்டுடும். நீ பேசுற பேச்சுக்குத் தாடை வலிக்காம என்ன பண்ணும்னு என் வீட்டுக்காரர் கேட்கிறார்."

அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. "என் மனைவிக்கும் இப்படித்தான் இருந்தது. முழுசாச் சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் கன்னத்தில் ஒட்டை ஒட்டினார்.

என் கையில் தட்டு இருந்தது. "அப்பா, அம்மாவுக்குச் சரியாகலைப்பா" என்றேன்.

"நீ வெளியே போ" என்றார்.

"அம்மா மாடி ஏறுறதை விட்டுட்டா. அதனாலதான் வலி வரலே. ஏறினாத்தான் வரும், உட்கார்ந்தாப் போயிடும். இவங்களுக்கு வர மாதிரியேதான். அத்தை இதயம்னு சொன்னாங்க. அன்னைக்கும் ஏறித்தான்..."

அந்த அம்மா நாற்காலியில் படுத்தபடியே அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா அசையவே இல்லை. பிறகு அந்த அம்மாவின் கன்னத்திலிருந்து ஒட்டை மெதுவாக, வலிக்காமல் உரித்தார். "நீங்க எழுந்திருக்காதீங்க" என்றார். ஆம்புலன்ஸுக்கு அவரே போன் செய்தார். அவரே கூடவே ஏறிப் போனார். மேல்சட்டையைக்கூட மாற்றவில்லை.

இருட்டிய பிறகு வந்தார். அந்த அம்மாவுக்கு அடைப்பு இருக்கிறதாம், சேர்த்துவிட்டார்களாம். "நேரத்துக்குக் கொண்டு வந்தீங்கன்னு சொன்னாங்க" என்றார். மெஷின்காரருக்குப் போன் செய்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். சுவரில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கிழிக்கவில்லை.

பிறகு நோயாளி உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து என்னை எதிரில் உட்காரச் சொன்னார்.

"உன்கிட்ட எப்போ சொன்னா?"

"பிளேட் போட்ட ரெண்டாவது வாரம்."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

பொய் சொல்லியிருக்கலாம் அத்தை. எனக்கு அப்போது தோன்றவில்லை. "நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா" என்று சொல்லிவிட்டேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். நோயாளியிடம் கேட்கிற அதே குரல். எப்போது முதலில் வந்தது? எந்தப் படியில் வரும்? எவ்வளவு நேரம் இருக்கும்? கைக்கு இறங்குமா, தோளோடு நிற்குமா? வேர்க்குமா? சாப்பிட்டுவிட்டு ஏறினால் அதிகமா? நான் அம்மா இடத்தில் இருந்து, தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். ஒவ்வொரு பதிலுக்கும், "சரிம்மா" என்றார்.

கடைசியில், "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முடிந்தால் வாருங்கள். குண்டூசி வீட்டுக்கு இனிமேல் எழுத வேண்டாம், வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். உங்கள் கண்ணைக் காட்டி மருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுண்டெலி